வரிசை பதினேழு, இருக்கை எட்டு

இயந்திரம் ஒரு முறை கத்தியது. சிவப்பு.
காகிதத்தைத் திருப்பிக் காட்டினேன்.
தொடையில் வைத்து நீவிக் காட்டினேன்.
மறுபடியும் சிவப்பு.

வாயிலில் நின்ற பையனின் சட்டையில் திமோன் என்று பெயர்.
கையளவு திரையைப் படித்துச் சொன்னான்:
"நீங்கள் ஏழு பன்னிரண்டுக்கே உள்ளே போய்விட்டீர்கள், அம்மணி."

அப்படியா.
எந்தக் கோட்டுப் போட்டிருந்தேன் என்று
கேட்க நினைத்தேன்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
கோபம் இல்லை, இரக்கமும் இல்லை,
வெந்நீரும் அல்ல, பச்சைத் தண்ணீரும் அல்ல.
பதினோரு வருஷமாக
க்டான்ஸ்க் ட்ராம்களில் நான் பேசுவது அதில்தான்:
இது நேற்றையது. இது செல்லாது. இறங்குங்கள்.
எத்தனை பேர் என் முன்னால்
காகிதத்தை நீவியிருக்கிறார்கள்.

இருநூற்று அறுபது ஸ்லாட்டி.
செயலியில் விற்றவன் வைத்திருந்த படம் ஒரு பூனை.
"காய்ச்சல், போக முடியவில்லை" என்று எழுதியிருந்தான்.
சீக்கிரம் குணமாகட்டும் என்று
நான் பதில் வேறு போட்டிருந்தேன்.

ஓரமாக நில்லுங்கள் என்றான் திமோன்.
ஓரத்தில் ஏற்கெனவே இரண்டு பேர்.
எல்ப்லாங்கிலிருந்து வந்த நர்ஸ் வியஸ்வாவா.
மீன் லாரி ஓட்டும் லெஷெக்.
அவர்கள் கையிலும் பதினேழு, எட்டு.
அதே பூனை. அதே காய்ச்சல்.
எட்டு மணிக்குள் நால்வரானோம்.

ஒரு நாற்காலிக்கு நான்கு பங்காளிகள்.
பங்காளி என்றால் சண்டை வர வேண்டும்.
சண்டை போட நாற்காலி வெளியே இல்லை.
லெஷெக் ஃப்ளாஸ்க்கைத் திறந்தான்.
மூடி ஒன்று, வாய் நான்கு.
கடலிலிருந்து வந்த காற்று
ஒவ்வொருவர் சட்டைக்குள்ளும் கையை விட்டுச்
சோதனை போட்டுவிட்டுப் போனது.

சுவரைத் தாண்டி டிரம் சத்தம் மட்டும் வந்தது.
பாட்டு வரவில்லை.
அடியை வைத்துப் பாட்டைக் கண்டுபிடித்தோம்.
வியஸ்வாவா கண்ணை மூடி ஒன்றைச் சொல்வாள்,
தப்பு என்பான் லெஷெக்,
இரண்டு வரி பாடியும் காட்டுவான், மகா மோசமாக.
நான்காவது ஆள் பெயர் சொல்லவில்லை.
கையில் பூங்கொத்து.
மூன்றாம் பாட்டில் கிளம்பிவிட்டார்.
கொத்தைக் குப்பைத்தொட்டிக்குள் போடாமல்
அதன் மூடிமேல் வைத்துவிட்டு.

போலீஸுக்குப் போகலாம் என்று யாரோ சொன்னோம்.
யாரும் நகரவில்லை.
உள்ளே இருக்கும் ஐந்தாவது ஆளைப் பார்க்க வேண்டும் எங்களுக்கு.
பூனையே போய் உட்கார்ந்திருக்கிறதா,
இல்லை, எங்களைப் போலவே காசு கொடுத்துவிட்டு
ஒரு ட்ராம் முன்னதாகப் பிடித்த யாரோவா?

பத்தே முக்காலுக்குக் கதவுகள் திறந்தன.
ஒன்பதாயிரம் பேர்,
ஒவ்வொரு தலைமேலும் ஆவி.
விமான நிலையத்தில் டிரைவர்கள் நிற்பதுபோல
காகிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டோம்.
பதினேழு, எட்டு.
பதினேழு, எட்டு.
ஏதோ விற்கிறோம் என்று சிலர் விலகிப் போனார்கள்.

ஒரு பெண் தன் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தாள்.
எங்களைப் பார்த்தாள்.
நின்றாள் என்று சொல்ல முடியாது,
நடை கொஞ்சம் தளர்ந்தது.
கண் மை கன்னம்வரை இறங்கியிருந்தது.
கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்றாயா என்று
நான் வாயெடுப்பதற்குள்
பின்னால் வந்தவர்கள் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள், ஆறாம் எண் ட்ராம். இன்னும் விடியவில்லை.
கம்பளித் தொப்பி போட்ட ஒருவன்
நேற்றைய டிக்கெட்டை
ஜன்னல் கண்ணாடியில் வைத்து நீவினான்.
அபராதம் எழுதினேன். எழுதாமல்?
பெயர். முகவரி. தொகை.
பாதியில் என் ஃபோன் துடித்தது:
"நிகழ்ச்சி எப்படி இருந்தது? நட்சத்திரம் தாருங்கள்."

எங்கே போகிறாய் என்று அவனைக் கேட்டேன்.
சொன்னான்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.